மூன்றாம் தடம்

வெபுயே சந்திப்பில்
என் பணக்கடை ஒரு பச்சைப் பெட்டி.
உள்ளே நான், ஒரு முக்காலி.
கதவை மூடினால் முழங்கால் இடிக்கும்.
உகாண்டாவுக்குப் போகும் லாரிகள்
என் கணக்கு நோட்டின் பக்கங்களைப்
புரட்டிவிட்டுப் போகும்.

இந்த ஊரில் எதற்கும் காத்திருக்க வேண்டும்.
ஆகஸ்டில் எடைபோட்ட சோளத்துக்குப்
பிப்ரவரியில் காசு.
காகித ஆலை மறுபடி திறக்குமென்று
என் கணவன் சிமியு
பதினோரு வருடம் சீருடையைத் துவைத்து
மடித்து வைத்தான்.
ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் நாற்பத்தேழு.
கடவுளும் ஞாயிறு பதினொரு மணிக்குத்தான் வருகிறார்,
அதுவும் ஒலிபெருக்கிக்குக் கரண்ட் இருந்தால்.

கோழி அப்படியல்ல.

திரையில் ஒரு வெள்ளைக் கோழி.
எதிரே சாலை, தடம் தடமாக.
கட்டைவிரல் பட்டால் ஓர் அடி வைக்கும்.
முதல் தடத்தில் இருபது ஷில்லிங் இருபத்துநாலு.
அடுத்தது முப்பது.
அடுத்தது முப்பத்தொன்பது.
எந்தத் தடத்திலும் நிறுத்தி
எடுத்துக்கொள்ளலாம்.
வண்டி வந்துவிட்டால்
நாலு இறகு, ஒரு சின்னச் சத்தம்,
அவ்வளவுதான்.
மறுபடி அதே கோழி, அடிபடாத கோழி,
சாலையோரம் தயாராக.

பைக் டாக்சிப் பையன்கள்
நோட்டைக் கொடுத்து எண்ணாக மாற்றிக்கொண்டு போவார்கள்.
கயெம்பாவின் நோட்டில் பெட்ரோல் வாசம்.
எதற்கென்று நான் கேட்பதில்லை.
ஐந்து நிமிடத்தில் திரும்பி வரும் முகத்தைப் பார்த்தே
எத்தனையாவது தடம் என்று சொல்லிவிடுவேன்.

பேராசை என்கிறார் பாதிரியார்.
பேராசைக்குப் பொறுமை வேண்டுமே, ஐயா.
எனக்கேது?
இது வேறு.
கேட்ட நொடியில் பதில்.
இல்லை என்றாலும்
இழுத்தடிக்காத இல்லை.
தோற்பதற்குக்கூட
வரிசையில் நிற்க வைக்காத இடம்
இங்கே இது ஒன்றுதான்.

போன வியாழக்கிழமை கயெம்பா
ஏழாம் தடத்தில் நிறுத்திவிட்டான்.
மூவாயிரத்து நானூறு.
எங்கள் ஆட்கள் கையில் காசு வந்தால்
வேறென்ன வாங்குவார்கள்?
கோழிதான்.
இரைப்பைத் துண்டு யாருக்கென்று
அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திய வீடுகள்
எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு.
செம்பழுப்புப் பெட்டையொன்றைக் காலைக் கட்டி
கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு
ஹாரன் அடித்தபடியே வந்தான்.

முடிச்சு சரியில்லை.

விழுந்த கோழி
ஒருமுறை உதறிக்கொண்டு
நேரே நெடுஞ்சாலையில் கால்வைத்தது.

சந்திப்பே எழுந்து நின்றது.
ஒன்று, என்றான் ஒருவன்.
இரண்டு, என்றார்கள் பத்துப் பேர்.
"நிறுத்து! எடுத்துக்கோ! எடுத்துக்கோ!" என்று கத்தினாள்
அவித்த முட்டை விற்கும் நெகேசா.
எண்ணெய் லாரி ஒன்று
பிரேக் பிடிக்கிற உத்தேசமே இல்லாமல் வந்தது.
என் கட்டைவிரல் காற்றை அழுத்திக்கொண்டிருந்தது.

லாரி போனது. புழுதி.
புழுதிக்கு அப்பால்
கரும்புக்குள் நுழைகிற ஒரு வால்.
எந்த எண்ணும் ஏறவில்லை.
கயெம்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு
இந்தப் பக்கமே நின்றான்.
சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம்.
சிரித்து முடித்ததும் அவரவர் திரைக்குக் குனிந்தோம்.

முதலாளியின் இழுப்பறையிலிருந்து
காலையில் நான் எடுத்த இருபது ஷில்லிங்
அங்கேயே இருந்தது.
மூன்றாம் தடத்தில் கோழி
ஒரு காலைத் தூக்கியபடி
அசையாமல்.
இத்தனை நேரமும், எனக்காக.
அப்படி என்னை எதிர்பார்த்து நின்றது
வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

யாரோ சன்னல் கம்பியைத் தட்டினார்கள்.
குழந்தை அழும் சத்தம்,
மருந்துக்குப் பணம் எடுக்க வேண்டுமாம்.

"கொஞ்சம் பொறுங்கள்," என்றேன்
தலை நிமிராமல்.