வட்டி மட்டும்

சுன்னாகம் கிளை, அடகுப் பிரிவு.
ஏழாம் வருசம்.
உரைகல்லில் தேய்க்க முதலே
விரலுக்குத் தெரிந்துவிடுகிறது
எத்தனை கரட் என்று.
இதுதான் திறமை என்றார் நிமலேந்திரன் சேர்.
எனக்கு அன்றுதான் பயம் வந்தது.

திருநெல்வேலியில் ஒரு சின்னக் கொம்பனி,
கணக்கு மென்பொருள் செய்கிறார்கள்.
சம்பளம் எண்ணாயிரம் குறைவு.
நேர்முகத்தில் கேட்ட பதினொரு கேள்வியில்
ஆறுக்கு முழிசினேன்.
திரும்பும்போது, ஏனோ,
ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு வந்தேன்.

“போனஸ் வரட்டும், சித்திரை கழியட்டும்”
என்கிறார் இவர்.
போன சித்திரையும் கழிந்ததுதான்.

இன்று ஓர் அக்கா
தாலிக்கொடியை நாலாம் முறை புதுப்பிக்க வந்தார்.
வட்டி மட்டும் கட்டினார்.
சில்லறையை இரண்டுதரம் எண்ணினார்.

அவர் போன கையோடு
கலண்டரில் மாசி இருபத்தெட்டைச் சுற்றி
ஒரு வட்டம்.
வங்கிப் பேனைதான்,
மை திட்டுத்திட்டாய் வந்தது.