ஈர்க்கில் கோத்த இரவு

காஅனாபாலியில், கடல் பார்த்த விடுதியில்
அந்திக்கு அறுபத்து நான்கு பந்தம் ஏற்றுவது
என் வேலை.
வெளியே மூங்கில் வேஷம்,
உள்ளே காஸ் குழாய்.
இடுப்பில் இலைப் பாவாடை,
காதில் மேலாளர் குரல் கசியும் சிறு இயந்திரம்.

சங்கு ஓய்ந்ததும் ஓட வேண்டும்.
கைபேசிகள் உயரும்.
டென்வரிலிருந்து வந்த ஒருத்தி வழிமறித்தாள்.
அவள் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது.
"உலுவெஹி," என்றாள், என் பெயர்ப் பட்டையைப் படித்து,
"உங்கள் முன்னோர் கண்ட உள்ளொளி
எங்கே இருக்கிறது?"
"சமையற்கட்டுக்குப் பின்னால்.
வால்வு இடது பக்கம்."
அவள் சிரித்தாள்.
வீடு வரைக்கும் அந்தக் கேள்வி
செருப்புக்குள் மணலாய்க் கூட வந்தது.

பிப்ரவரியில் தெற்கிலிருந்து கோனாப் புயல்.
கஹகுலோவாச் சாலையில் பாறை சரிந்தது.
மின்சாரம் போன ஒரு மணியில்
வாசலில் ஒரு நனைந்த உருவம்.

கயிமி.
மூன்று வருடமாய் நான் பேசாத தம்பி.
அம்மாவின் சேம்புக் கழனியை
எவனோ ஒரு கலிஃபோர்னியாக்காரனுக்கு விற்றவன்.
கயிமி என்றால் தேடுகிறவன்.
எதைத் தேடினான் என்று
நான் கேட்டதே இல்லை.

"வண்டி நின்றுவிட்டது" என்றான்.
துவாலையை எறிந்தேன்.
மன்னிப்பு அல்ல, துவாலை.

மெழுகுவத்தி இல்லை.
டார்ச்சுக்குள் பேட்டரி கசிந்திருந்தது.
விடுதியின் பண்பாட்டு வகுப்பில் மிஞ்சிய
குக்குயிப் பருப்புகள் இருந்தன,
வறுத்து, ஓடு நீக்கி,
தென்னை ஈர்க்கில் கோத்தபடி பன்னிரண்டு.
விருந்தினருக்குத் தொட்டுக் காட்டுவோம்.
கொளுத்தக் காப்பீட்டில் இடமில்லை.

கொளுத்தினேன்.
முதலில் கரும்புகை,
பிறகு எண்ணெய் வியர்த்து ஒரு மஞ்சள் சுடர்.
பருப்பே திரி, பருப்பே எண்ணெய்.
ஒன்றுக்கு மூன்று நிமிடம், சற்றுக் கூடலாம்.
அவியும் முன் ஈர்க்கைச் சாய்த்து
அடுத்ததிடம் ஒப்படைக்க வேண்டும்.
யாராவது ஒருவர் விழித்திருந்தே ஆகவேண்டும்.

இரண்டு பருப்பு மழைக்குப் போயிற்று.
மூன்றாவதில் இருமினான்.
நான்காவதில் "அந்த விற்பனை..." என்றான்,
பருப்பு தீர்ந்தது.
சாய்த்தேன்.
"சொல். இது புதுசு."

"நம் குடிக்கு ஆந்தை காவல் என்பார்களே அக்கா,
அன்று வேலிக்கம்பத்தில்
ஓர் ஆந்தை வந்து உட்காராதா,
என் கையைத் தடுக்காதா என்று
பத்திரத்தை மடியில் வைத்துக் காத்திருந்தேன்.
ஒரு மைனாதான் வந்தது.
கையெழுத்துப் போட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது,
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அழுகை.
சாய்க்க மறந்தேன்.
ஆறாவது அவிந்தது.

எங்கள் மொழியில் இரவின் பெயர் போ.
ஆனால் அது யாரையும் போகச் சொல்வதில்லை.
உலகம் அதன் வயிற்றில் ஊறித்தான் பிறந்தது,
தெய்வங்கள் இன்னும் காலி செய்யவில்லை.
நாட்களை நாங்கள் இரவுகளால் எண்ணினோம்.
நிலா அறுவதற்கு முந்தைய இரவை
மவுலி என்றோம்,
மவுலி என்றால் உயிர்.
விடுதியில் இதைத் தினமும் ஒப்பிக்கிறேன்,
மூன்றே முக்கால் மணிக்கு, புன்னகையோடு.
இருட்டில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்ததில்லை.

நெற்றி எங்கே என்று தெரியாமல்
மூக்கில் மூக்கு இடித்தது.
அவன் விட்ட மூச்சை நான் வாங்கினேன்,
நான் விட்டதை அவன்.
ஈரமும் பெட்ரோலும் நாறும் ஹா.
எத்தனை மூச்சு என்று எண்ணவில்லை.
"கழனி திரும்பாது" என்றேன்.
"தெரியும்."
"நான் இன்னும் கோபமாய்த்தான் இருக்கிறேன்."
"தெரியும்.
தீப்பெட்டி எங்கே?"

அது அவன் காலடியிலேயே இருந்தது.
ஏழாவதை அவன் ஏற்றினான்,
சாய்க்கும் முறை தெரியாமல்
விரலைச் சுட்டுக்கொண்டான்.

புதன்கிழமை சாலை திறந்தார்கள்.
பந்தம் ஏற்றப் போன என்னைப் பார்த்து
மேலாளர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.
கரி.
ஒரு காலத்தில் இந்தக் கரியைத்தான்
தோலில் குத்தினார்கள்,
யாருடையவர் என்று அறிய.
துடைக்கிறேன் என்றேன்.
சங்கு ஊதிவிட்டது, ஓடினேன்.

டென்வர்க்காரி ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள்.
வீட்டில், தட்டில்,
கொளுத்தாத பருப்பு ஒன்று
ஈர்க்கோடு கிடக்கிறது.