அதே விதை, அதே இரவு

ஓலு நகரில் ஜனவரி. பகல் மூன்றுக்கே இருட்டு.
தூய்ரெ கணினிக்குள் ஒரு மருத்துவமனையைத் திறக்கிறாள்:
ஆயிரம் இரவுகள், இரவுக்கு ஒரு விதை எண்.

முதல் ஆறு மணி நேரத்தை எறிந்துவிட வேண்டும்.
காலி நாற்காலிகளோடு எந்த அவசரப் பிரிவும்
விழித்ததில்லை.
அதற்குள் வந்துபோனவர்கள் கணக்கில் இல்லை.

சராசரிக் காத்திருப்பு நாற்பத்திரண்டு நிமிடம்;
மூன்று கூடலாம், குறையலாம்.

613-ஆம் இரவில் மட்டும் ஒருவர்
பதினொரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.
நிரலை வரிவரியாகப் பார்த்தாள். பிழையில்லை.
காபியோடு எட்டிப் பார்க்கிறான் செவிலியன் ரெய்யோ:
"யார் அது?"
"யாருமில்லை. ஓர் எண்."
"மணிக்கட்டு முறிவாக இருக்கும். அவர்கள்தான்
கத்த மாட்டார்கள்."

அதே விதையை மறுபடி இடுகிறாள்.
அதே பனி, அதே வழுக்கல்,
அதே நிமிடத்தில் அதே ஆள்.
நள்ளிரவுக்குப் பின் ஒரு மருத்துவர் கூடுதல்.

ஒன்பது நிமிடம்.

ஆயிரத்தின் சராசரி முப்பத்தொன்பது. அதற்கும் மூன்று
கூடலாம், குறையலாம். இரண்டு இடைவெளிகளும்
ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடக்கின்றன.
வேறுபாடில்லை என்று எழுதிவிடலாம்.

எழுதவில்லை. ஒவ்வோர் இரவையும்
அதே இரவிலிருந்து கழிக்கிறாள், விடியும்வரை.
மிஞ்சிய இடைவெளிக்குள்
பூஜ்யம் இல்லை.