மறுமுனை

செவ்வாய்க்கிழமை, திருடர் சந்தையில்
(பெயரே அதுதான், லிஸ்பனில் யாரும் கூசுவதில்லை)
ஒரு கையை வாங்கினேன்.
நீலக் கை. சதுர ஓட்டின் மேல்
மணிக்கட்டு வரை மட்டும்.
விரல்கள் ஒரு கயிற்றைப் பற்றியிருந்தன.
கயிறு வலது மேல்மூலைக்குப் போய்
ஓட்டின் விளிம்போடு அறுந்திருந்தது.

விற்றவன் பன்னிரண்டு யூரோ என்றான்.
எந்தச் சுவரிலிருந்து என்றேன்.
பத்து யூரோ என்றான்.

நான் தண்ணீர் மீட்டர் பார்ப்பவன்.
இருபத்தோரு வருடமாக இந்த நகரத்தைப்
படிக்கட்டுக்கு அடியிலிருந்து படிக்கிறேன்:
துருவேறிய மூடி, சிலந்தி, ஐந்து இலக்கம்.
நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடங்கள்.
சுவர்களைப் பார்க்க ஆரம்பித்தது
அந்தக் கை வந்த பிறகுதான்.

கயிற்றின் மறுமுனையில் என்ன?
ஆளுக்கொரு கயிறு திரித்தார்கள்.
பழைய புத்தகக் கடை அதெரித்து
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:
"படகு. இந்த ஊரில் வேறென்ன கட்டுவார்கள்?"
அருங்காட்சியகத்தில் சீட்டுக் கிழிக்கும் பெண்
குரங்கு என்றாள், சத்தியம் செய்யாத குறையாக.
என் மகள் போனிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"தேவாலய மணி அப்பா. தூங்கு."
டிராம் ஓட்டும் வென்செஸ்லாவ் மட்டும்
எதையும் சொல்லாமல்
அந்த நீல விரல்களைத் தடவிப் பார்த்தான்.
"இழுக்கிறது," என்றான். "எதுவோ, பலமாக."

நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம்,
பழைய வீட்டு முகப்புகளின் படங்கள்.
பொருளடக்கத்தில் இருந்தது:
தோட்டக்காரன், கயிறு, பக்கம் 212.
புரட்டினேன். 210.
அடுத்தது 213.
நடுவே சவரக்கத்தி இழுத்த சுத்தமான கோடு.
சுவரில் கைவைத்தவன் வயிற்றுக்காகத் திருடினான்.
இவனுக்கு என்ன, படிப்பு முற்றிப்போயிருக்க வேண்டும்.
வெளியே வரும்போது காவலர் என் பையைச் சோதித்தார்.
உள்ளே ஒரு கை இருந்தது.
அதை விளக்க முக்கால் மணி நேரம்.

அதன்பின் நடந்தேன்.
மழை நாளில் ஓடுகள் ஆற்றைப் போல மினுங்கும்,
வெயில் நாளில் ஆறு ஓடுகளைப் போல.
மூக்கில்லாத துறவி, பாதி மீன்,
ஒரு குதிரையின் பின்புறம் மட்டும்.
ஒவ்வொரு தெருவிலும்
யாரோ எதையோ கிழித்து எடுத்துப்போயிருந்தார்கள்,
மிச்சத்தை வைத்துக்கொண்டு
தெரு பேசிக்கொண்டுதான் இருந்தது.

மோரரியாவின் உச்சியில், கைப்பிடிக் கம்பியற்ற படிகள்.
மார்ச் மாதம். மீட்டருக்காகத்தான் போனேன்.
சுவரில் தொப்பி வைத்த தோட்டக்காரன்
முழங்கை வரை இருந்தான்.
கை இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்ட்.
சிமெண்ட்டில் ஓர் இரும்புக் கொக்கி.
கொக்கியிலிருந்து துணிக்கொடி ஒன்று,
காலுறைகள், ஒரு பள்ளிச் சட்டை,
அதன் பின்னால் ஓடுகளில் அதே சாய்வில்
பழைய நீலக் கயிறு
எலுமிச்சை மரம் தாண்டி மேகம் தாண்டி மேலேறி
பின்னாளில் யாரோ சுவரை உடைத்து வைத்த
ஒரு ஜன்னலில் போய் முடிந்தது.

ஜன்னலில் ஒரு பெண். பெயர் ஒலிந்தா,
கணக்குப் புத்தகத்தில் இருந்தது.
ஓட்டைத் தூக்கிக் காட்டினேன்.
தோட்டக்காரனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"கொக்கியைக் கழற்றினால்
என் துணிகளை யார் பிடித்துக்கொள்வது? இவனா?"

மேலே கூப்பிட்டாள். சமையலறையில்
கொதிக்கும் காபிக் குடுவையை
அந்த நீலக் கையின் மேல் இறக்கி வைத்தாள்.
சூடு தாங்குகிறதா பார்க்கலாம் என்றாள்.
தாங்கியது.

ஜன்னல் வைக்கும் முன்
அங்கே என்ன இருந்தது என்று கேட்டேன்.
"இருட்டு," என்றாள்.
நான் கேட்டது சுவரின் வெளிப்பக்கத்தை.
திருத்தவில்லை.

தொட்டியில் ஒரு பெரிய போர்வை ஊறிக்கொண்டிருந்தது.
"வந்தது வந்தாய், இந்த முனையைப் பிடி."
பிடித்தேன்.
அவள் மறுமுனையை முறுக்க முறுக்க
என் மணிக்கட்டு வரை நீலச் சாயம் இறங்கியது,
கீழே மீட்டர் முள்
மெல்ல நகரும் சத்தம் கேட்டது.