வளைகோட்டில் ஒரு தோள்

கோஷித்சே நகரில் அன்று பனி
டிராம் கம்பிகளின் மேல் உட்கார்ந்திருந்தது.
அடித்தளத்தில், எங்கள் நான்கு கெல்வினில்,
தாமிர ஊசியின் முனை
கருஞ்சாம்பல் வில்லையைத் தொட்டது.
தொட்டது என்பதே அதிகம்.
திருகைத் திருப்பும்போது ஒந்த்ரேய்
மூச்சை நிறுத்திக்கொள்வான். நானும்தான்.

மக்னீசியமும் போரானும் சேர்ந்த தூள்.
ஐம்பது வருஷம் ரசாயன அலமாரிகளில் கிடந்தது.
குளிர்ந்தால் என்ன ஆவாய் என்று
அதனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

குளிரில் எலக்ட்ரான்கள் ஜோடி சேரும்.
சேர்ந்ததைப் பிரிக்க ஒரு விலை உண்டு.
அந்த விலைக்குத்தான் இடைவெளி என்று பெயர்.
ஓர் உலோகம், ஒரு விலை.
இப்படித்தான் படித்தோம்,
படித்ததையே பாடமாகவும் எடுத்தோம்.

திரையில், ஏழு மில்லிவோல்ட்டில் ஒரு மேடு.
அதற்கு முன்னாலேயே, மூன்றை எட்டாமல்,
இன்னொன்று.

ஹவ்ரில்லா தேநீர்க் கோப்பையோடு வந்து பார்த்தார்.
"ஒரே உறையில் இரண்டு கத்தியா?
மேற்பரப்பில் அழுக்கு. தேய்."

தேய்த்தோம். இருந்தது.
வில்லையை உடைத்து, உடைந்த முகத்தில் ஊசி வைத்தோம்.
இருந்தது.
காந்தப் புலத்தை ஏற்றினோம்.
ஒரு டெஸ்லாவுக்குள் சின்னது சரிந்தது,
பெரியது ஏனென்று கேட்கவில்லை.
"நோஞ்சான்" என்றார். "அழுக்கேதான்."

அழுக்கென்றால் சூட்டில் அது முதலில் சாகவேண்டும்.
அவ்வளவு சொற்ப விலை
பாடக்கணக்குப்படி பதினெட்டு கெல்வினைத் தாண்டாது.

அரை அரை டிகிரியாகச் சூடேற்றினோம்.
பதினெட்டு. இருக்கிறது.
இருபத்திரண்டு. இருக்கிறது.
அப்புறம் மேடுகள் கலங்கி
கண்ணுக்கு ஒன்றாயின.
கணக்கு மட்டும் இரண்டு, இரண்டு என்று அடம்பிடித்தது.
முப்பது.
ஹீலியம் தீருகிறது என்றான் ஒந்த்ரேய்,
யாரோ அவனைத் திட்டியதுபோல.
முப்பத்தைந்து.
முப்பத்தொன்பதில்
இரண்டும் ஒரே வாசலால் வெளியேறின.

போரான் தகட்டுக்குள்ளேயே ஓடுகிறவை ஒரு கூட்டம்.
தகட்டுக்கு மேலும் கீழும் அலைகிறவை இன்னொன்று.
வலிய கூட்டம் மெலிந்ததைத்
தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது,
அது தனியாக வந்திருக்க முடியாத
இருபது டிகிரி தூரமும்.

ஹவ்ரில்லா வெகுநேரம் பேசவில்லை.
தேநீரில் ஆடை கட்டியிருந்தது.
"நாளைக்கு வேறொரு வில்லை" என்றார்,
போகும்போது எனக்காகக் கதவைத் திறந்துவைத்து.

நான் போகவில்லை.
மூன்று வாரத்துக்கு முந்தைய ஆய்வேட்டை எடுத்தேன்.
அங்கேயும் இருந்தது அந்தத் தோள்,
பக்கத்தில் என் கையெழுத்தில்:
கெட்ட தொடர்பு. தள்ளுக.
அடுத்த பக்கத்தில். அதற்கடுத்த பக்கத்தில்.
பதினொரு பக்கங்கள்.

ஆய்வேட்டில் எதையும் அழிக்கக் கூடாது.
ஒற்றைக் கோடு இழுத்து, தேதி போட்டு,
சுருக்கமாகக் கையொப்பம் வைத்துக்கொண்டே போனேன்.
மேலே கடைசி டிராம் வளைவில் கிறீச்சிட்டது.

பதினொன்றாவது பக்கத்தில்
உண்மையிலேயே தொடர்பு கெட்டுத்தான் இருந்தது.
அதை அப்படியே விட்டேன்.