காட்சிப் பெட்டி

கல்முனை பிரதான வீதியில் என் கடைக் கண்ணாடிக்குள்
மூன்று வருடமாக ஒரு பெட்டி.
உள்ளே ஒன்றும் இல்லை.
கொழும்பு மொத்த வியாபாரி காட்சிக்கென்று தந்தது.
பின்னேர வெயில் குடித்துக் குடித்து
அதன் நீலம் இப்போது கழுவிய சாரத்தின் நிறம்.

ஆட்கள் நிற்பார்கள். விலை கேட்பார்கள்.
இரண்டு லட்சத்து எழுபது என்பேன்.
ஒருவர் அல்லாஹ் என்பார், இன்னொருவர் முருகா என்பார்.
மறுகா அதற்குக் கீழே உள்ளதை,
அதற்கும் கீழே உள்ளதை வாங்கிப் போவார்கள்,
என்னவோ மிச்சம் பிடித்த முகத்தோடு.
வெறும் பெட்டி எத்தனையோ மாதம்
கடை வாடகை கட்டியிருக்கிறது.

கச்சான் காற்று மண்ணள்ளி வீசிய ஒரு நாள்
சாய்ந்தமருது முனவ்வர் வந்தான்,
கலியாண வீடியோ வெட்டுகிறவன்.
"உள்ளுக்க இருக்கிறத எடுங்க" என்றான்.
காசைத் துணிக்கடைப் பையில் கொண்டுவந்திருந்தான்.

நான் வியாபாரி. வாயை மூடியிருக்கலாம்.
"தம்பி, இது முந்நூறு வாட் தின்னும்.
அந்தா அது நூறில் ஓடும்.
இது பத்து நிமிடத்தில் முடிக்கிறதை
அது பதினைந்தில் முடிக்கும்.
ஐந்து நிமிடத்துக்கு ஒன்றரை லட்சமா?
மிஞ்சின நேரத்தில் என்ன செய்வாய்?"
"பிளேன்ரீ குடிப்பன்."
றிஸ்லா கணக்குக் கொப்பிக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

யாருக்காக இதையெல்லாம் வெளியே விடுகிறார்கள்?
கரண்ட் இல்லாத இரவுகளில் யோசித்திருக்கிறேன்.
கடைசி நூறு வாட்டும் வேகத்துக்கு அல்ல,
பட்டியலில் முதல் பெயராக நிற்பதற்கு.
வாங்குகிறவன் ஒருவன்.
அண்ணாந்து பார்த்துவிட்டு
வேறொன்றை வாங்குகிற ஆயிரம் பேரிடம்தான் இலாபம்.

தகரம் போட்ட அவன் அறையில் பூட்டிக் கொடுத்தேன்.
ஓடவிட்டதும் காற்றாடிகள்
நெல் ஆலை போல எழும்பின.
மின்குமிழ் ஒருதரம் கண் சிமிட்டியது.
தொண்ணூற்றெட்டுப் பாகை.
அடுப்படியிலிருந்து அவன் மனைவி,
"என்னத்தப் பத்தவெச்சிருக்கீங்க?" என்றாள்.

உள்ளே போய் மின்சாரத்தைப் பாதியாக்கினேன்.
வேகம் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை.
காற்றாடிகள் அடங்க,
மதிலுக்கு அங்கால் கடல் இரைவது கேட்டது.
"இது அதுதானா?"
"அதேதான். அரை வயிறு."
"அப்ப காசிலயும் பாதி தருவீங்களா?"

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.
சிரித்துவிட்டு, கேபிளைச் சுற்றினேன்.

போகும்போது சொன்னான்:
மாப்பிள்ளை விடியக் கட்டாருக்குப் பறக்கிறார்.
இரண்டு வருட விசா, ஒன்பது நாள் கலியாணம்.
வேன் இரவு பதினொன்றரைக்கு.
போன தடவை இன்னொருவருக்கு
வேன் வெளிக்கிட்ட பிறகுதான் படம் முடிந்ததாம்.
"அவர் கையாட்டிக்கொண்டு போனார் நானா,
நூற்றுக்குத் தொண்ணூற்றாறில நிக்கிது."

நான் திரும்ப உட்கார்ந்தேன்.
கட்டுப்பாட்டை முழுதாக எடுத்துவிட்டேன்.
அறை உலையானது.
கதவைத் திறந்து வைத்து நாங்கள் இருவரும்
திரையில் மணப்பெண்ணின் மருதோன்றிக் கை
துண்டு துண்டாய்ச் சேர்வதைப் பார்த்திருந்தோம்.
பதினொன்றுக்குப் பத்து நிமிடம்.
யாரும் பிளேன்ரீ குடிக்கவில்லை.

அது போதுமா, இப்படி ஒன்றைச் செய்வதற்கு?
ஒரு வேனுக்காக, ஓர் இரவுக்காக?
மற்ற இரவுகளில் பாதியில்தான் ஓட்டுகிறானாம்.
பில் வந்த அன்று அவனே சொன்னான்.

நேற்றுக் கொழும்பிலிருந்து புதுப் பெட்டி வந்தது.
இன்னும் ஐம்பது வாட் கூட, இன்னும் ஒரு லட்சம் கூட.
பழையதைக் குப்பைக்குப் போடப் போனேன்.
றிஸ்லா வாங்கி, கரண்ட் பில்களை அதற்குள் அடுக்கினாள்.
புதியதைக் கண்ணாடிக்குள் வைக்கத் தூக்கினேன்.
உள்ளே ஒன்றும் இல்லை.
ஆனாலும் முந்தியதைவிடக் கனம்.