புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்

குதைபியாவில் கோல்ட் ஸ்டோருக்கு மேலே இரண்டாம் மாடி.
ஐந்து கட்டில், ஒரு ஏசி.
வெள்ளிக்கிழமை. மற்ற நால்வரும் தூங்குகிறார்கள்.
கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுக்கிறேன்,
சத்தமில்லாமல், திருடனைப்போல,
என்னுடையதையே.

பதினொரு வருடத்து ரசீதுகள்.
பணம் அனுப்பிய ஒவ்வொரு முறைக்கும் ஒன்று,
வருடவாரியாக ரப்பர் பேண்டு போட்டு.
பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.
பார்க்கத்தான் இல்லை.

பிரித்தால் எல்லாம் வெள்ளை.
சூட்டில் பிறக்கும் எழுத்தாம்,
சூட்டிலேயே போய்விடுமாம்.
ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தேன்:
ஏதோ ஒரு நான்கு. அல்லது ஒன்பது.

நேற்று ஜுஃபைரில் ஒரு லிஃப்ட்.
எட்டுப் பேர், அறுநூற்று முப்பது கிலோ என்று தகடு.
ஒன்பதாவது ஆள் கால் வைத்ததும்
மணி அடித்தது, கதவு மூட மறுத்தது.
அந்த மணியைச் சோதிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
சம்பளத்துக்கு அப்படி மணி கிடையாது.
நூற்றெண்பத்தைந்து தினார்,
அக்கா, சீட்டு, மச்சானின் பைக், கோயில் வரி,
யார் வேண்டுமானாலும் ஏறலாம்,
கதவு மூடிக்கொள்ளும், கீழே போகும்.

சரி, இன்றிலிருந்து என்று நோட்டைத் திறந்தேன்.
கீழே மூசாக்காவின் பற்று நோட்டில் 14.350.
பஹ்ரைனில் என்னைப் பற்றிய
ஒரே சரியான கணக்கு அவரிடம் இருக்கிறது.
டீ 0.100.
இவ்வளவு சின்னதை எழுதக் கை கூசியது.
இந்த ஊர்க் காசுக்குப்
புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்.
நான் இதுவரை
புள்ளியிலேயே நின்றுவிட்டவன்.

ஃபோன் பில்லைத் துழாவியபோது
மாதம் 0.900, பாட்டுக்கு.
கூப்பிடுகிறவர்களுக்கு மட்டும் கேட்கும் பாட்டு.
ஆறு வருடம். அறுபத்துநான்கு தினார் எண்ணூறு ஃபில்ஸ்.
என்ன பாட்டென்று எனக்குத் தெரியாது.

தையல்நாயகியைக் கூப்பிட்டேன்.
"மிஸ்டு கால் விடும்போது ரெண்டு நொடி கேக்கும்.
ஏதோ நாதஸ்வரம். நல்லாத்தான் இருக்கும்.
எடுத்துடுங்க."

பிறகு கேட்டேன்,
உன்னிடம் ஏதாவது கணக்கு இருக்கிறதா என்று.
"எந்த வருசத்துலேர்ந்து வேணும்?"

எல்.ஐ.சி. ஏஜென்ட் கொடுத்த டைரியாம், இப்போது ஏழாவது.
"முத மாசம், ஆடிப்பெருக்கு அன்னைக்கு,
பதினோராயிரத்து நானூறு.
அதுல நாலாயிரம் உங்க அக்காவுக்கு.
ரெண்டாவது மாசம் லேட்டு..."
அவள் வாசித்துக்கொண்டே போனாள்.
என் கையில் வெள்ளைத் தாள்கள்.
ஏன் சொல்லவில்லை என்றேன்.
"நீங்க கேக்கல."

அவள் டைரியில் இல்லாத வரி ஒன்று உண்டு.
என் பெயரில் பேங்க் லோன்,
எபனேசரின் கையில் பணம்.
அந்த மூலைக் கட்டில்தான் அவனுடையது.
விமானமேறி மூன்று வருடமாகிறது,
அவன் நம்பரில் இப்போது யாரோ அரபியில் பேசுகிறார்கள்.
ஒவ்வொரு மாதமும்
"ஓவர்டைம் இல்லை" என்று அவளிடம் சொன்னது
இதைத்தான்.

சொன்னேன்.
ஏசி ஒருமுறை நின்று மறுபடி ஓடத் தொடங்கியது.
அங்கே குக்கர் மூன்று விசில் விட்டது,
அவள் எழுந்துபோய் அணைக்கவில்லை.
நான்காவது விசிலுக்கு அணைத்தாள்.
திரும்பி வந்தாளா, தெரியவில்லை.
ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

தாள் புரளும் சத்தம்.
"மாசம் எவ்வளவு பிடிக்கிறான்?"
முப்பத்தெட்டு.
"எந்தத் தேதி?"
இருபத்தேழு.
"பாக்கி?"
அறுநூற்று நாற்பது என்றேன்.

பேனா நின்றது.
"புள்ளிக்கு அப்புறம்?"